ராவ் பகதூர் ரத்னம்மாள்

சென்னைப் பட்டணத்தில் வசிப்பவர்கள், வசிப்பதாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள், குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிப்போய் வெட்கமில்லாமல் திரும்பி வந்தவர்கள் ஆகிய அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், நாடக ஒழுக்கப் பாதுகாப்புக் கமிட்டி என்னும் மகத்தான ஸ்தாபனம் உதயமாயிற்று. அதன் முத்திரை இல்லாமல் அந்தப் பக்கத்து மேடைகளில் எவரும் எவரையும் பார்த்து "வாருங்கள், உட்காருங்கள்" என்றுகூடச் சொல்ல முடியாது. பர்மாவில் என்ன நடக்கிறது என்று கவலைப்பட வேறு ஆட்கள் இருந்தார்கள். மேடையில் என்ன நடக்கிறது என்று கவலைப்பட இவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

உண்மையாகவே எழுந்து நிற்கும்படி ஆனவர் ஆம்ப்ரோஸ். கமிட்டி அறையில் விண்ணப்பதாரருக்கு நாற்காலி கிடையாது.

ஆம்ப்ரோஸ் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நாடகம் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசையே இருந்ததில்லை. அவருடைய தெருவில் சாக்கடை உடைந்து, மழைக்காலத்தில் சமையலறை வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வார்டு கவுன்சிலரிடம் போய்ச் சொன்னார். "அப்படி ஒரு தெரு என் வார்டுலயே இல்லியே" என்றார் கவுன்சிலர். அந்தத் தெருக்கோடியில் அந்த மாதிரி வீடு ஒன்று இருந்தது. கவுன்சிலரின் மோட்டார் வாரம் தவறாமல் அங்கே வந்து நிற்பதையும், அவர் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே சாக்கடையைத் தாண்டி உள்ளே போவதையும் தெருவே பார்த்திருந்தது. எரிச்சல் தாங்காமல் ஆம்ப்ரோஸ் எழுத உட்கார்ந்தார். எழுந்தபோது அது நாடகமாகியிருந்தது.

நாடகத்தில் ரத்னம்மாள் என்று ஒரு விபசார விடுதிக்காரி. தன் வாசல் சாக்கடையை யாரும் கவனிக்காததால் அவளே நகரசபைத் தேர்தலில் நிற்கிறாள். எதிரே நிற்கிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஆகையால் அவளைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேச எவருக்கும் நா எழவில்லை. ஜெயித்துவிடுகிறாள். கடைசிக் காட்சியில் நகரசபையில் எழுந்து ஒரு பிரசங்கம் செய்கிறாள். திரை விழுகிறது.

சுப்புராயன் என்ற நாடகக் கம்பெனி முதலாளிக்கு இது பிடித்துவிட்டது. ரத்னம்மாள் வேஷத்தை அவர் ஜலஜாவுக்குக் கொடுத்தார். ஜலஜா நொச்சிக்குப்பத்துப் பெண். பெயர் மட்டும் கம்பெனி வைத்தது. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வேலைக்காரி வேஷம், இல்லாவிட்டால் "மகாராணி, மோசம் போனோம்!" என்று ஓடிவந்து சொல்லிவிட்டுப் போகிற தோழி வேஷம். யாராவது மூர்ச்சையாகி விழுந்தால் விசிறுவதும் அவள்தான். தலையில் நரை எட்டிப்பார்க்கிற வயதில், திரை விழுகிறவரை மேடையில் நிற்கும் வேஷம் முதன்முதலாக வந்திருந்தது.

"தை பொறக்கறதுக்குள்ள முத்திரை வந்தா இங்கயே போட்றலாம்" என்றார் சுப்புராயன். "வரலையா, கம்பெனி வேலூருக்குப் போவுது. பழைய நாடகம், பழைய வேஷம். அவ்ளோதான்."

ஜலஜா ஆம்ப்ரோஸைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "சார், எப்டியாச்சும் முத்திரை வாங்கிக்கினு வந்துடு சார். இன்னொரு வாட்டி எனக்கோசரம் யாரு குந்திக்கினு எழுதப் போறாங்க?"

ஆம்ப்ரோஸ் வாக்குக் கொடுத்தார். பூகோள வாத்தியார் ஆகையால் லஸ் முனை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

கமிட்டியின் தலைவர் ராவ் பகதூர் வேதாந்தம், ரிடையரான ஜில்லா ஜட்ஜ். மற்றவர்கள், தியாகராய நகர் மாதர் சங்கத் தலைவி பங்கஜம் அம்மாள், தோல் வியாபாரி ஜனாப் வலியுல்லா. நாடகத்துக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று வலியுல்லாவே பல பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். காரியதரிசி முருகையன், தீர்மானங்களை உரக்கப் படிப்பதற்கென்றே பிறந்தவர்.

"நடிகன் வாயால கேட்டா எல்லாமே நன்னாத்தான் இருக்கும், ஓய். அது மோசடி" என்று ராவ் பகதூர் முதல் நாள் விளக்கினார். "அதனால எந்த நாடகத்தையும் இங்கே மெம்பர்களே வேஷம் பிரிச்சுண்டு வாசிப்போம். உணர்ச்சி கலக்காம வாசிப்போம். அப்படி வாசிச்சும் ஏதாவது புரிஞ்சுதுன்னா, அது ஆபாசம்."

வேஷங்களைச் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். ரத்னம்மாள் ராவ் பகதூருக்கு விழுந்தாள். அடுத்த கூட்டத்திலும் அவருக்கே விழுந்தாள். அதற்கடுத்ததிலும். சீட்டைக் குலுக்குகிறவர் முருகையன். முருகையனின் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் ராவ் பகதூர்.

முதல் வாசிப்பில் "விபசார விடுதி" என்ற சொல் வந்த இடத்தில் பங்கஜம் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இனி அதைக் "குறிப்பிட்ட ஸ்தாபனம்" என்றே வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. இரண்டாம் வாசிப்பில், குறிப்பிட்ட ஸ்தாபனத்துக்கு வாடிக்கைக்காரர்கள் வருவது அவசியமா என்ற கேள்வி எழுந்தது.

"வராம எப்படிங்க நடக்கும்?" என்று ஆம்ப்ரோஸ் கேட்டார்.

"நடக்கணும்னு யார் சொன்னா?" என்றார் பங்கஜம் அம்மாள். "நஷ்டத்துல நடக்கட்டுமே! அந்தத் தொழில் லாபம் தரும்னு எங்க சங்கத்துப் பெண்கள் தெரிஞ்சுக்கறதை நான் அனுமதிக்க முடியாது."

ஆக, ரத்னம்மாளின் ஸ்தாபனம் நஷ்டத்தில் நடந்தது. வாடிக்கைக்காரர்களுக்குப் பதிலாகத் தண்ணீர் கேட்டு வருகிற யாத்ரீகர்கள் வந்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் வலியுல்லா ஒருவரே குரல் கொடுத்தார். "வாத்யாரே, இதுல ஒருத்தனுக்காவது ஒரு நல்ல காலம் வரக்கூடாதா? பாவம், தண்ணி குடிச்சுக் குடிச்சே சாவறான்" என்று அவர் மன்றாடியதன் பேரில் ஒரு யாத்ரீகனுக்கு அந்தமானில் உத்தியோகம் கிடைத்தது. அந்தமான் ஜப்பானியர் கையில் இருப்பதை ஆம்ப்ரோஸ் சொல்லிப் பார்த்தார். பூகோளம் இந்தக் கமிட்டியின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று பதில் வந்தது.

இதற்கிடையில் ராவ் பகதூருக்கு என்னமோ ஆகிக்கொண்டிருந்தது. "வாங்க எஜமான், ரொம்ப நாளாச்சே" என்ற வரியை முதலில் அவர் ஆயுள் தண்டனை விதிப்பதுபோல்தான் வாசித்தார். பிறகு ஒரு நாள், உணர்ச்சி கலந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில், அதையே மறுபடி வாசித்துப் பார்த்தார். பிறகு தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு வாசித்தார். கார்த்திகையில் ரத்னம்மாளுக்கென்று ஒரு வெற்றிலைப் பெட்டியும் அவரோடு வந்தது. வக்கீலாக இருந்த நாளில் அவர் வக்கீல்கள் சபாவில் ஸ்திரீ வேஷம் போட்டு ஐகோர்ட்டையே அழவைத்தவர் என்ற தகவலை முருகையன் ரகசியமாகத் தெரிவித்தார். இந்த ஊரில் அது கௌரவமான விஷயம். பட்டம் பெற்ற ஒரு கனவான் மேடையில் புடவை கட்டிக்கொண்டால் அது கலை. பெண்பிள்ளை புடவை கட்டிக்கொண்டு மேடையேறினால் கமிட்டி கூட வேண்டும்.

"வாசிச்சுக்கிட்டே இருக்காங்க. முத்திரை எங்கே?" என்று வீட்டில் ஆம்ப்ரோஸின் மனைவி லூயிசா கேட்டாள்.

"இன்னும் ஒரு வாசிப்பு இருக்குதாம்."

"நாடகத்த எழுத உங்களுக்கு ஆன நாளைவிட அதக் கேக்க அவங்களுக்கு நாள் அதிகமாவுது. பேசாம நீங்களும் ஒரு நாக்காலியத் தூக்கிக்கிட்டுப் போங்க. காலாச்சும் மிஞ்சும்."

ஆம்ப்ரோஸ் நாற்காலி கொண்டுபோகவில்லை. ஜலஜாவை அழைத்துக்கொண்டு போனார். கடைசிப் பிரசங்கத்தை ஒரு தடவை அவள் வாயால் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். இத்தனை நாள் நின்றும் அவருக்கு விஷயம் பிடிபடவில்லை.

விதிக்கு விரோதம் என்று ராவ் பகதூர் மறுத்தார். வலியுல்லா, "கேட்டுத்தான் பாப்பமே, ஜட்ஜ் சார். நம்ம வாசிப்புல நமக்கே தூக்கம் வருது" என்றார். ஜலஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு அறையில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"கனவான்களே, அப்படி ஒரு தெருவே இல்லை என்கிறீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. இருட்டில் வந்தீர்கள், இருட்டில் போனீர்கள். தெரு எப்படித் தெரியும்? நாளைக்குப் பகலில் வாருங்கள். மோட்டாரிலேயே வாருங்கள். நான் வாசலில் விளக்கேற்றி வைத்து, உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வரவேற்று, சாக்கடையைக் காட்டுகிறேன்."

பங்கஜம் அம்மாள் கண்ணை மூட மறந்திருந்தார். வலியுல்லா, "யா அல்லா" என்று ஏதோ தெரிந்த தெரு ஞாபகம் வந்தவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ராவ் பகதூரின் முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. தன் பெண்டாட்டி வேறொருவன் கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் போவதைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

"இது ரொம்ப ஆபத்து" என்றார் கடைசியில். "இந்த அம்மா சொன்னா ஜனங்கள் நம்பிடுவா! நிஜமாவே அப்படி ஒரு தெரு இருக்குன்னு, நிஜமாவே பெரிய மனுஷா அங்கே போறான்னு நெனச்சுடுவா. ஒழுக்கம் என்னத்துக்கு ஆறது? நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். ஜட்ஜா இருந்த நாள்லயே நான் சொன்னதை ஒருத்தரும் நம்பினதில்லை, தெரியுமோ? மேல்கோர்ட்டுல மாத்திண்டே இருந்தா. அதனால பொதுஜன நன்மையை உத்தேசிச்சு அந்த வேஷத்தை நானே போட வேண்டியதா இருக்கு."

முருகையன் தீர்மானத்தைப் படித்தார். குறிப்பிட்ட ஸ்தாபனத்தின் தலைவியுடைய வாசகங்களைப் பொது ஸ்தலத்தில் ஒரு ஸ்திரீயின் வாயால் உச்சரிக்கலாகாது. யுத்த நிதிக்காகக் கமிட்டியே ஒரு முறை நாடகத்தை நடத்திப் பரீட்சை செய்யும். அதன் விளைவைப் பார்த்துக் கம்பெனியின் விண்ணப்பம் முடிவு செய்யப்படும். கம்பெனி நடிகை ஜலஜா, தலைவருக்குத் திரைமறைவில் வசனம் எடுத்துக்கொடுக்கும் வாய்ப்பு பெறுகிறாள்.

மாடிப்படியில் இறங்கும்போது ஆம்ப்ரோஸ், "ஒரே ஒரு தடவைதான். அப்புறம் முத்திரை வந்துடும், நீதான் போடப்போற" என்றார்.

"உனக்குக் கால் வலிக்குது சார், அதான் இப்டிப் பேசற" என்றாள் ஜலஜா.

யுத்த நிதி நாடகத்துக்கு மண்டபம் நிறைந்தது. முதல் வரிசையில் நகரசபைக் கவுன்சிலர்கள், மனைவிமார்களோடு. ஆம்ப்ரோஸின் தெருவை அறியாத அந்தக் கவுன்சிலரும் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பங்கஜம் அம்மாள் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் வந்து, நாடகத்தில் இல்லாத இரண்டு பேரைக் கைது செய்தார். வலியுல்லா தண்ணீர் குடித்தார். ராவ் பகதூர் வேதாந்தம், காஞ்சிபுரம் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக, மீசையை மட்டும் விட்டுக்கொடுக்காமல், மேடை கொள்ளாமல் நின்றார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

கடைசிக் காட்சி வந்தது. ரத்னம்மாள் நகரசபையில் எழுந்தாள். "கனவான்களே" என்றார் ராவ் பகதூர். அவ்வளவோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை "கனவான்களே" என்றார். முதல் வரிசையில் தெரிந்த முகங்களைப் பார்த்ததாலோ என்னவோ, மேற்கொண்டு வரவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். திரைமறைவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"சொல்லும்மா, எடுத்துக் குடு!" என்று ஆம்ப்ரோஸ் பதறினார். பக்கத்தில் முருகையன் கையைப் பிசைந்தார்.

ஜலஜா நகரவில்லை. "நான் எப்டி சார் சொல்றது? பொது ஸ்தலத்துல ஒரு ஸ்திரீ வாயால உச்சரிக்கலாகாதுன்னு இந்த முருகையன் சார்தானே படிச்சாரு?"

"அட, அது மேடைக்கும்மா! இது மறைவு!" என்றார் முருகையன்.

"மறைவுல சொல்றத எல்லாம் சொல்லிக்கினு, வெளில இல்லவே இல்லன்னு சொல்றதுக்கு நான் இன்னா கவுன்சிலரா?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு மூட்டையை இறக்கிவைத்தவள் போலத்தான் இருந்தாள். ஆம்ப்ரோஸுக்கும் அந்த வரிகள் தெரியும். எழுதியவரே அவர்தான். அவர் வாயைத் திறந்தார். ஜலஜா அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். முத்திரை போனாலும் போகட்டும், இந்த வரிகள் அந்த மீசைக்குக் கீழே போக வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இத்தனை மாதத்தில் அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான். அது அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ராவ் பகதூர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தமக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பிரசங்கத்தைத் தொடங்கினார். அது அவர் ரிடையரானபோது பிரிவுபசார விருந்தில் செய்தது.

"கனவான்களே! இத்தனை வருஷ காலம் நான் இந்த ஸ்தாபனத்தில் இருந்தேன். என் வாசலுக்கு வராத பெரிய குடும்பம் இந்த ஜில்லாவில் இல்லை. வந்தவர்கள் யாரையும் நான் அவசரப்படுத்தியதில்லை. வாய்தா கேட்டவருக்கு வாய்தா கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டியதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்டேன். என் காலத்தில் எந்தக் கௌரவமான மனிதரின் பெயரும் வெளியே வந்ததில்லை. அதை மட்டும் நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை. யாரிடமும் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. உங்கள் அன்பு ஒன்றே போதும்."

முதல் வரிசை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. தெரு தெரியாத கவுன்சிலர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பேர்ப்பட்டவங்க நம்ம சபைக்கு வேணுங்க. இன்னா ஒரு பொறுப்பு, இன்னா ஒரு நாசூக்கு!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது திரைமறைவு வரை கேட்டது.

அவர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். நகரசபையில் ஆல்டர்மேன் என்று ஒரு பதவி உண்டு. ஜனங்களிடம் வோட்டுக் கேட்கிற தொந்தரவில்லாமல், கவுன்சிலர்களே கூடிப் பொறுக்கி எடுப்பது. அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த வாரமே ராவ் பகதூர் வேதாந்தத்தை ஏகமனதாகப் பொறுக்கி எடுத்தார்கள். பதவியேற்பு விழாவுக்கு அவர் பஞ்சகச்சத்தில்தான் போனார் என்றும், சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்றும் கேள்வி.

கமிட்டிக்குப் பங்கஜம் அம்மாள் தலைவியானார். ஆம்ப்ரோஸ் மறுபடி மாடியேறிப் போய் நின்றார். ஜலஜாவும் கூட வந்திருந்தாள்.

"பரீட்சைதான் ஆயிடுச்சே. ஒழுக்கத்துக்கு ஒரு கெடுதலும் வரலியே. இனிமே முத்திரை போடலாமில்லையா?" என்றார்.

பங்கஜம் அம்மாள் முருகையனைப் பார்த்தார். முருகையன் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"மேற்படி நாடகத்தில் வரும் குறிப்பிட்ட ஸ்தாபனத்தின் தலைவி, தற்போது நகரசபையில் பதவி வகிக்கும் ஒரு கௌரவ அங்கத்தினரைப் பார்வையாளர்களுக்கு நினைவூட்டக்கூடியவளாய் இருப்பதால், அன்னாரின் நற்பெயருக்குக் களங்கம் நேருமென்று கமிட்டி அஞ்சி, நாடகத்துக்கு நிரந்தரமாக அனுமதி மறுக்கிறது."

"அவரேதானுங்களே அந்த வேஷம் போட்டாரு!" என்றார் ஆம்ப்ரோஸ்.

"அதனாலதான் நினைவு வருது" என்றார் முருகையன், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஆம்ப்ரோஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வலியுல்லா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தப் போனார். விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆம்ப்ரோஸ், "நான் வாக்குக் குடுத்தேம்மா" என்றார்.

"வுடு சார். ரத்னம்மாதான் கவுன்சிலுக்குப் போயிட்டாளே. நீ எழுதினபடிதானே நடந்துகீது?" ஜலஜா சிரித்தாள். பிறகு டிராம் வருகிறதா என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தை பிறந்தது. கம்பெனி வேலூருக்குப் போயிற்று. அங்கே மகாராணி மூர்ச்சையாகி விழுந்தபோதெல்லாம் ஜலஜா விசிறினாள்.